காய் பார்க்காமல் பெயர் எழுதாதவர்

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் துறையின் உலர்செடி அறையில் அலமாரிகளுக்கு அந்துருண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ப்யூன் ஏழுமலை வந்து வாசலிலேயே நின்றார். அந்த நெடி அவருக்கு ஆகாது, உள்ளே வரமாட்டார். "சார், மண்ணூர்லேர்ந்து ஆள் வந்துகீறாரு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நம்ம பிலோமினா அம்மா காலையில தவறிட்டாங்களாம்" என்றார். என் கையிலிருந்த உருண்டைகள் தரையில் விழுந்து அலமாரிக்கு அடியில் ஓடின. குனிந்து பொறுக்கக் கூடத் தோன்றவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அதையே மூன்று முறை கேட்டேன் என்று ஏழுமலை பிறகு சொன்னார்.

பிலோமினா மேரி அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்ணூர்க்காரர். ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் களச் சேகரிப்பாளராகச் சேர்ந்தார். காடு, ஏரிக்கரை, வேலி, மேய்ச்சல் தரை என்று அலைந்து செடிகளைக் கொண்டுவருவார், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைப்பார், இன்னது என்று கண்டுபிடித்துப் பெயர் எழுதுவார். நான் அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தவன். அவர் கொண்டுவந்த உலர்ந்த செடியைத் தடித்த தாளில் வைத்துத் தைப்பது, பெயர்ச் சீட்டை டைப் அடித்து ஒட்டுவது, அலமாரியில் அடுக்குவது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் அவர் கால், நான் நாற்காலி.

நாற்காலி என்றதும் அந்த முதல் நாள் நினைவுக்கு வருகிறது. மரியாதைக்காக என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். "வேணாம் தணிகா. நான் குந்தினா வேர் வுட்டுடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மதியச் சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றபடியே முடிப்பார். பேசும்போது விரல்கள் சணல் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் போனால் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவார். அவரோடு ஒரு நாள் வெளியே போய்வந்தால் எனக்கு இரண்டு நாள் கால் வலிக்கும். எரிச்சலாகவும் இருக்கும், மறுபடி எப்போது கூப்பிடுவார் என்றும் இருக்கும்.

சுங்குவார்சத்திரத்தில் ஒருமுறை டீ குடித்துக்கொண்டிருந்தோம். நின்றுகொண்டுதான். சாலைக்கு எதிர்ப்புறம் வேலியில் ஏதோ ஊதா நிறம் தெரிந்தது. பேச்சு பாதியில் இருக்கும்போதே அவரைக் காணோம். லாரிகளுக்கு நடுவே கையில் டீ கிளாசோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். கடைக்காரர் பின்னாலேயே ஓடினார். "யக்கா, கிளாஸ் யக்கா! கிளாஸ குடுத்துட்டுப் போ!" அக்கா திரும்பிப் பார்க்காமலே, "இரு நைனா, பூ மூடிக்கும்" என்றார். அன்று அந்தக் கிளாசில்தான் பூவைத் தண்ணீரில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். கடைக்காரருக்கு மறுநாள் வேறு கிளாஸ் வாங்கிக் கொடுத்தது நான்.

இத்தனை பரபரப்பும் ஒரே ஓர் இடத்தில் நின்றுவிடும். பெயர் எழுதும் இடத்தில். கையில் பேனாவைப் பிடித்தால் அவருக்கு அவசரமே கிடையாது. பயறு, அவரை, துவரைக் குடும்பத்துச் செடி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய பகுதிக்குப் பூ ஒரே ஜாடை: மேலே விரிந்த கொடி இதழ், பக்கத்தில் இரண்டு சிறகு இதழ், அடியில் படகு இதழ். பூவை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். "பூ எல்லாருக்கும் சிரிக்கும் தணிகா. காயை நீட்டிக் காட்டச் சொல்லு, அப்ப தெரியும் யாருன்னு" என்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம், மண்ணூருக்கு மேற்கே ஏரியைத் தாண்டியுள்ள புதர்க்காட்டிலிருந்து ஒரு கொடியைக் கொண்டுவந்தார். மூன்று மூன்றாக இலை. இலையைத் திருப்பினால் அடியில் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள். தொட்டால் வெல்வெட் போல இருக்கும். மஞ்சள் பூவில் கொடி இதழ் மேல் செம்பழுப்புக் கோடுகள். காய் இல்லை. பூவையும் இலையையும் வைத்துப் பார்த்தால் அது இரண்டு இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். காயில் இரண்டே விதை இருந்தால் ரிங்கோசியா. நாலைந்து விதை இருந்து, விதைக்கு விதை நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அடிலோசியா, அதாவது காட்டுத் துவரை. அக்கா தாளில் ஊர், நாள், மண் எல்லாம் எழுதினார். பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டார்.

அந்தச் சமயத்தில் அவருடைய தாயாருக்கு உடல்நிலை மோசமாகி, பத்து நாள் விடுப்பில் போனார். துறைத்தலைவர் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். அதற்காகத் தாள்களையெல்லாம் வெளியூரில் ஒரு பெரிய உலர்செடி நிலையத்துக்குச் சரிபார்க்க அனுப்ப வேண்டியிருந்தது. "பேர் இல்லாம ஒரு தாளும் போகக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள கட்டு" என்றார். நான் அலமாரியைத் திறந்தேன். பழைய ரிங்கோசியா தாள் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அந்தப் பெயரையே டைப் அடித்தேன். அடுத்த வரி 'பெயர் கண்டவர்'. அதில் என் பெயரைப் போட எனக்குத் துணிவில்லை. 'பிலோமினா மேரி' என்று அடித்தேன். பசை தடவி ஒட்டினேன். பார்சலைக் கட்டினேன். நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சில மாதங்களில் அந்தத் தாள் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். இலைக்கணுவும் பூக்கொத்தும் சந்தேகம் தருகின்றன, இந்தப் பெயரைக் கண்டவர் காயைப் பார்த்தாரா என்று கேட்டிருந்தார்கள். தலைவர் அதைத் துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். "என்னம்மா, காயைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அக்கா தாளை வாங்கிச் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அறையில் டைப் அடிப்பவன் நான் ஒருவன்தான். கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அவர் விரல்கள் நின்றதை நான் கண்டேன்.

"பாக்கலை சார். பாத்துட்டு எழுதறேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தலைவர் அன்றே ஓர் உத்தரவு போட்டார். இனி அந்த அம்மா எழுதும் பெயர் ஒவ்வொன்றையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த இன்னொருவர் யார் தெரியுமா? நான்தான். தவறு செய்தவனைத் தவறு செய்யாதவருக்குக் காவல் வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் முதலில் இருந்தது. ஒரு வாரம் போனதும் வெட்கம் வந்தது. ஒரு மாதம் போனதும், இனி எப்படிச் சொல்வது என்றாகிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்கா தம் தாள்களை என் மேசைக்குக் கொண்டுவருவார். "நல்லா பாத்துட்டுப் போடு தணிகா" என்பார். நான் பார்க்காமலே போடுவேன். அவர் பெயருக்குக் கீழே என் கையெழுத்து எத்தனை தாள்களில் கிடக்கிறது என்று நான் எண்ணியதில்லை, எண்ணவும் மாட்டேன்.

அந்தக் காயைத் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! மார்கழி பிறந்ததும் போனால் கொடி நிறையப் பூ இருக்கும். காய் முற்றட்டும் என்று விட்டுவிட்டு, தை பிறந்ததும் போனால் கொடியே இருக்காது. அடியில் அறுபட்ட தண்டு மட்டும் நிற்கும். பிள்ளைப்பாக்கம் பக்கம் தேடினோம், அங்கே அந்தக் கொடியே இல்லை. இரண்டாவது வருடம் அந்தப் புதர்க்காட்டின் ஓரத்தில் வெள்ளையடித்த சர்வே கற்கள் வேறு முளைத்திருந்தன. ஏதோ தொழிற்பேட்டை வருகிறது என்றார்கள். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லிலிருந்து கல்லுக்கு எட்டு வைத்து அளந்துகொண்டே நடந்தார். "எல்லாத்தையும் வழிச்சு எடுக்கறதுக்குள்ள ஒரு காயாவது காட்டக் கூடாதா?" என்று கொடியிடமே கோபித்துக்கொண்டார்.

கொடி எங்கே போகிறது? ஆடுதான் தின்கிறது என்று முடிவு கட்டினார். காட்டோரம் ஆடு மேய்க்கும் முனுசாமியோடு இரண்டு வருடம் சண்டை. "உன் ஆட்டுக்கு வேற தழையே கெடைக்கலயா? என் கொடிதான் வேணுமா?" "யம்மா, என் ஆடு அத மோந்துகூடப் பாக்காதும்மா. சும்மா ஆட்டு மேல பழி போடாத" என்று அவரும் விடமாட்டார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். பழி போடுவது பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாம் வருடம், கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசை முடிந்ததும் காட்டுக்குப் போவதாகப் பேச்சு. அதனால் நானும் அவருடைய ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பின்சுவரோரம் நின்றேன். எங்கள் வீட்டில் முருகன்தான், எனக்குப் பூசை முறை எதுவும் தெரியாது. அக்கா பெண்கள் பக்கம் முழங்காலில் இருந்தார். வலது முழங்கால், இடது முழங்கால் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஆண்டவன் சந்நிதியிலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பீடத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் குடில் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. வைக்கோல் கூரை, ஜிகினா, களிமண் ஆடுமாடு, கூரையைச் சுற்றிக் காய்ந்த கொடி.

பட்டென்று ஒரு சத்தம். குடிலிலிருந்து என்னவோ தெறித்து அக்காவின் முக்காட்டில் விழுந்தது.

அவர் அதை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். அப்படியே எழுந்தார். குழந்தை ஏசுவை முத்தமிடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் குடிலின் கூரையைப் பிரித்துக் கொடியை உருவ ஆரம்பித்தார். கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை அந்தோணி பதறிப்போய் ஓடிவந்தார்.

"யக்கா! இன்னாக்கா இது? சாமியார் பிரசங்கம் வெச்சுக்கினு கீறாரு, நீ குடிலப் பிரிச்சுக்கினு கீற!"

"கம்முனு இரு அந்தோணி. மூணு வருசமா தேடிக்கினு கீறேன்."

"யார, கொழந்த ஏசுவயா?"

கோயிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கொடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மயிர் அடர்ந்த சின்னக் காய்கள் காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்தன. சில வெடித்து விரிந்திருந்தன. விதைக்கு விதை நடுவில் ஆழமான பள்ளம், ஐந்து விதைகள். என்னைத் தேடி, கூட்டத்துக்கு மேலே ஐந்து விரலைக் காட்டினார். அடிலோசியா. நான் ஒட்டிய பெயர் தவறு என்பது அன்றுதான் உறுதியாயிற்று.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவருடைய அண்ணி ரோசாலி அம்மாள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "இதுக்கா இந்த அலைச்சல்? இத நாங்கதான் வருசா வருசம் அறுத்துக்கினு வரோம், குடிலுக்கு. நம்ம வூட்டுக் குடிலுக்கும் இதத்தான் சுத்தறோம். நீ எங்க பாத்த? நீதான் வூட்ல ஒரு நாளு தங்க மாட்டியே!" தம் வீட்டுக் கூடத்திலேயே வருடம்தோறும் காய்த்து வெடித்ததை, காடெல்லாம் தேடியவர் பார்க்கவில்லை. அக்கா அப்போதுதான் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் நேராக முனுசாமி வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். முனுசாமி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்று கைகூப்பினார். "அண்ணே, தப்பு எம்பேர்ல. உன் ஆட்டைச் சும்மா பேசிட்டேன். மன்னிச்சுக்க." அவர் கூச்சப்பட்டு, "அட, இதுக்குப் போயி" என்றார். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் நான் நின்றேன். எனக்கும் அரை நிமிடம்தான் வேண்டும். கீழே சிதறிய தழையைப் பொறுக்கி முனுசாமியிடம் கொடுத்தேன்.

மறுநாள் கல்லூரியில், காய்களையும் விதைகளையும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு அந்தத் தாளிலேயே ஒட்டினார். சரியான பெயரை எழுதினார். அப்போது நான், "பழைய சீட்டைத் தண்ணி தொட்டு எடுத்துடறேன் அக்கா" என்றேன். அக்கறையால் சொல்லவில்லை. தடயத்தை அழிக்கத்தான்.

"எடுக்கக் கூடாது" என்றார். "ஒட்டினது ஒட்டினதுதான். தப்பும் இருக்கணும். கீழ ஒண்ணு ஒட்டு."

எங்கள் தொழிலின் வழக்கம் அது. உலர்செடித் தாளில் முன்னால் எழுதிய பெயரை யாரும் கிழிப்பதில்லை, அடிப்பதில்லை. திருத்த வேண்டியவர் தம் பெயரோடு இன்னொரு சீட்டைக் கீழே ஒட்ட வேண்டும். அப்படியே ஒட்டினோம். இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கும் எவரும், பிலோமினா மேரி முதலில் தவறாகச் சொன்னார், பிறகு தாமே திருத்திக்கொண்டார் என்றுதான் நினைப்பார்கள். புதிய சீட்டின் கீழும் உத்தரவுப்படி என் கையெழுத்து இருக்கிறது. தலைவர் "பேஷ்" என்றார். உத்தரவை மட்டும் திரும்பப் பெறவில்லை.

அவர் ஓய்வுபெற்ற நாளன்று மாலை போட்டார்கள், காரம் காபி கொடுத்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு அறைக்கு வந்தார். அன்றைக்கும் உட்காரவில்லை. அலமாரி அலமாரியாகக் கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். பயறுக் குடும்பத்து அலமாரி முன் நின்று, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அன்னைக்குக் கூட்டத்துல நீயா சொல்லுவேன்னு பாத்தேன் தணிகா."

"அக்கா..." என்றேன்.

"சரி வுடு. நேரம் போயிடல" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் பஸ் வருவதற்கு முன்பே போய் நிற்பதற்காக வேகமாகப் படியிறங்கினார்.

நேரம் போய்விட்டது. அவர் இருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டும். மண்ணூருக்குப் போகும் பஸ் ஒவ்வொன்றும் எங்கள் கல்லூரி வாசலில்தான் நிற்கிறது. ஒருநாள் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. இதைவிட எளிமையாக என்னால் இதைச் சொல்ல முடியாது.

நேற்று மாலையே அவரை அடக்கம் செய்தார்கள். மார்கழி தொடங்க இன்னும் சில நாளே இருக்கிறது. காட்டில் சர்வே கற்களைச் சுற்றி இப்போது கம்பிவேலி போட்டுவிட்டார்கள். ரோசாலி அம்மாள் அந்த வயதிலும் வேலிக்கு வெளியே படர்ந்திருந்த கொடியை அறுத்துவந்து, பெட்டியின் மேல் சுற்றியிருந்தார். மஞ்சள் பூ நிறைய இருந்தது. அழுதுகொண்டிருந்த நான், என்னையும் அறியாமல் காய் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, இன்னும் நாளாகும். அக்கா அசையாமல் படுத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

இன்று காலை அறைக்கு வந்ததும் அந்தத் தாளை எடுத்தேன். உறையைத் திறந்தேன். விதைக்கு விதை பள்ளம் விழுந்த அந்தக் காய்கள் அப்படியே இருந்தன. ஒரு காயில், குடிலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஜிகினாத் துணுக்கு இன்னும் மின்னியது. எத்தனையோ முறை இந்தத் தாளை அடுக்கியிருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை. டைப் மெஷினில் ஒரு சீட்டைச் செருகினேன். அதில் அடித்தது இதுதான்:

'முதல் சீட்டிலுள்ள தவறான பெயரை எழுதியவன் நான். பிலோமினா மேரி விடுப்பில் இருந்தபோது, அவருக்குத் தெரியாமல், அவர் பெயரில் எழுதினேன். அவர் காயைப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் பெயர் எழுதியதில்லை. தணிகாசலம்.'

இரண்டு சீட்டுகளுக்கும் கீழே பசை தடவி அதை ஒட்டினேன். தாளை எடுத்துக்கொண்டு போய் இப்போதைய தலைவரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என்ன செய்வார் என்று தெரியவில்லை. எதுவானாலும் சரி.

அக்கா, ஒட்டிவிட்டேன். நீங்கள் சொன்னபடி பழையதைக் கிழிக்கவில்லை, கீழேதான் ஒட்டியிருக்கிறேன். பசை காயும்வரை தாளை மூடக் கூடாது என்பதால் ஜன்னலோரம் அதன் பக்கத்திலேயே நிற்கிறேன். நாற்காலி பின்னால்தான் இருக்கிறது. உட்கார மனம் வரவில்லை.